ஆறு லட்சத்தில் கைக்கு எவ்வளவு?

2019-இல் பாளையங்கோட்டையில் எனக்குச் சம்பளம் 28,000 ரூபாய். சொந்த வீடு, அம்மா சமையல், வேலைக்கு டவுன் பஸ். மாதம் 12,000 மிஞ்சும்.

அப்போது சென்னையில் ஒரு நிறுவனம் வருடம் 6 லட்சம் தருவதாகச் சொன்னது. மாதம் 50,000 என்று மனக்கணக்குப் போட்டு ரயிலேறினேன். கையில் வந்ததோ 37,500 சொச்சம்.

ஆறு லட்சம் என்பது 'சிடிசி'. நமக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. என் அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000. அதில் 12 சதவீதம், அதாவது 3,000 ரூபாய், என் பங்கு பி.எஃப். நிறுவனம் போடும் இன்னொரு 3,000-மும் அந்த ஆறு லட்சத்துக்குள்தான்! கிராஜுவிட்டிக்கு 1,200. வருடக் கடைசியில் 'வேலையைப் பார்த்து' தருவதாகச் சொன்ன 60,000 ரூபாயும் அதற்குள்தான்.

வேளச்சேரியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வாடகை 14,000. அட்வான்ஸுக்கு அக்காவின் வளையல் அடகுக்குப் போனது. சாப்பாடு, தண்ணீர் கேன், பெட்ரோல், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சியது 5,000. பி.எஃப். சேமிப்புதானே என்பார்கள். உண்மைதான், ஆனால் மளிகைக்கடை அண்ணாச்சி அதை வாங்கிக்கொள்ள மாட்டார்.

அதே சம்பளத்தில் பக்கத்து சீட்டுத் தம்பி ராஜாவாக இருந்தான். நாலு பேர் சேர்ந்து ஒரே வீடு, வாடகைப் பங்கு 4,000. ஊரில் கடன் இல்லை. அவனுக்கு அது நல்ல சம்பளம், எனக்கு இல்லை.

வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், மாதாமாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.