கொக்கி ஊசியும் கூலியும்

கொக்கி ஊசி ஒன்றும் நூற்கண்டு ஒன்றும் கொண்டு, ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணியை இழுத்துக் கோக்கும் கைவினையே குரோஷே பின்னல். முன்புறம் திறந்த கார்டிகன் மேலாடையையும் இம்முறையில் வீட்டிலேயே எளிதாகப் பின்னலாம். நடுவில் தொடங்கி, ஆறு மூலைகளிலும் கண்ணிகளைக் கூட்டியவாறே சுற்றிச் சுற்றிப் பின்னினால் அறுகோணத் துண்டு உருவாகும். அத்தகைய துண்டுகள் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றையும் ‘எல்’ வடிவில் மடித்தால் ஒரு கையும் பாதி உடலும் கிடைக்கும். கை, தோள் ஆகியவற்றின் மேல்விளிம்பைத் தைத்து, இரண்டையும் முதுகில் இணைத்தால் மேலாடை நிறைவுறும். வலங்கைமான் போன்ற காவிரிப் படுகை ஊர்களின் மார்கழிப் பனிக்குப் பருத்தி நூலே போதும்.

துணி நெய்ய விசைத்தறி உண்டு; ஸ்வெட்டர் பின்னவும் இயந்திரம் உண்டு. குரோஷே ஆடையை முழுமையாகப் பின்னும் இயந்திரமோ புழக்கத்தில் இல்லை. எனவே, கடையில் விற்கும் ஒவ்வொரு குரோஷே ஆடையிலும் ஒருவரது கையுழைப்பு உள்ளது. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் பல்லாயிரம் பெண்கள் ஏற்றுமதிக்காக இப்பின்னலைச் செய்துவந்தனர். அவர்களைப் பற்றி 1982இல் நூல் வெளியிட்ட மரியா மீஸ் என்னும் சமூகவியல் அறிஞர், அவ்வுழைப்பு ஓய்வுநேர வேலையாகக் கருதப்பட்டதையும் அதனால் கூலி மிகக் குறைந்திருந்ததையும் எடுத்துக்காட்டினார். ஓர் ஆடையைத் தாமே பின்னி முடித்தவர், அதற்குச் செலவாகும் நாள்களை அறிவார். அதனை ஓய்வுநேர வேலை என்று கூற அவருக்கு மனம் வராது.