தாத்தா, நம்ம கார் நம்பர் என்ன?

குட்டீஸ்... உங்கள் தெருவில் வேப்ப மரத்தடியிலோ, மாட்டுக் கொட்டகை பக்கத்திலோ, தார்ப்பாய் போட்டு மூடிய பழைய கார் ஏதாவது நிற்கிறதா? டயரில் காற்று இறங்கி, கண்ணாடியில் தூசி படிந்து, கோழிகள் நிழலுக்கு ஒதுங்கும் கார்!

'சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது... எடைக்குப் போட்டுடலாமே' என்று வீட்டில் பேச்சு வரும்போது, தாத்தா மட்டும் பதில் சொல்லாமல் எழுந்து போய் விடுகிறாரா? அப்படியென்றால், அந்தக் காருக்குள் ஒரு கதை இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போமா?

தர்மபுரி மாவட்டத்தில் உள்ள கடத்தூரை எடுத்துக் கொள்வோம். வெற்றிலைச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் இது. ரயில் ஏற, பக்கத்தில் உள்ள பொம்மிடிக்குப் போக வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முன், இது போன்ற ஊர்களில் கார் வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணி விடலாம். நள்ளிரவில் யாருக்காவது பிரசவ வலி வந்தாலும் சரி, கல்யாண மாப்பிள்ளையை அழைத்து வர வேண்டுமானாலும் சரி, அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கார் ஒரு வீட்டில் நிற்கும். அதன் நினைவோ பத்து வீடுகளில் இருக்கும்!

'மசில்' கார் தெரியுமா?

உடற்பயிற்சி செய்பவர்களின் கைகள் முறுக்கேறி இருக்குமே, அதற்கு ஆங்கிலத்தில் 'மசில்' என்று பெயர். அமெரிக்காவில் 1960களில், அளவான காருக்குள் மிகப் பெரிய இன்ஜினைப் பொருத்தி ஓட விட்டார்கள். அவற்றுக்கு 'மசில் கார்' என்று பெயர் வந்தது.

1964ம் ஆண்டு வந்த 'போன்டியாக் ஜி.டி.ஓ.,' காரைத்தான் முதல் மசில் கார் என்று பலரும் சொல்கின்றனர். அதன் இன்ஜின் சுமார் 6,400 சி.சி., திறன் கொண்டது. நம் ஊரில் ஓடும் 100 சி.சி., பைக்குகள் 64 சேர்ந்தால் என்ன அளவோ, அவ்வளவு! அதே ஆண்டு ஏப்ரல் 17ல், 'போர்டு மஸ்டாங்' கார் அறிமுகமானது. முதல் நாளிலேயே 22 ஆயிரம் கார்களுக்கு மேல் ஆர்டர் குவிந்தது.

1973ல் உலகம் முழுக்க பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. விலை எகிறியது. பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கும் மசில் கார்களின் மவுசு குறைந்தது. ஆனாலும், அப்பா வாங்கிய காரை மகன் பழுது பார்த்து வைத்து, பேரன், பேத்தி வரை ஓட்டும் குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு.

நம் நாட்டு பயில்வான்!

நம் நாட்டிலும் ஒரு காரை 'இந்திய மசில் கார்' என்று செல்லமாக அழைக்கின்றனர். அதன் பெயர், 'கான்டெஸா!'

'இந்துஸ்தான் மோட்டார்ஸ்' நிறுவனம் 1984ல் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நான்கரை மீட்டருக்கும் மேல் நீளம், அகலமான முகம், உட்கார்ந்தால் சோபா போல இருக்கை. பார்ப்பதற்குப் பயில்வான் மாதிரியே இருக்கும். இதன் உருவம், இங்கிலாந்தில் 1970களில் ஓடிய 'வாக்ஸ்ஹால் விக்டர்' என்ற காரிலிருந்து வந்தது.

ஆனால், ஆரம்பத்தில் ஒரு வேடிக்கை. இவ்வளவு பெரிய உடம்புக்குள், சுமார் 50 குதிரைத் திறன் மட்டுமே கொண்ட சிறிய இன்ஜினை வைத்து விட்டார்கள். யானைக்கு முயலின் இதயத்தைப் பொருத்தியது போல! மேடு வந்தால் மூச்சு வாங்கியது. 1980களின் பிற்பகுதியில், ஜப்பானின் 'இசுசு' நிறுவன இன்ஜின் வந்த பிறகுதான், பயில்வானுக்கு உண்மையான பலம் வந்தது. 2002ல் கான்டெஸா உற்பத்தி நின்று போனது.

எல்லா வீட்டு அண்ணன்

கான்டெஸா வசதியானவர்களின் கார். நம் ஊர்ப் பக்கம் அதிகம் ஓடியது, அதன் அண்ணன் 'அம்பாசிடர்' தான். இங்கிலாந்தின் 'மோரிஸ் ஆக்ஸ்போர்டு' காரைப் பின்பற்றி, கோல்கட்டா அருகே உள்ள உத்தர்பாராவில் 1957ல் தயாரிக்கத் தொடங்கினர். 2014 மே மாதம் வரை, 57 ஆண்டுகள் அதே உருண்டை முகத்தோடு வந்து கொண்டே இருந்தது!

பழைய அம்பாசிடரில் கியர் கம்பி, ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். முன் இருக்கை, ஒரே நீளப் பலகை போல இருக்கும். அதனால், முன்னால் மூன்று பேர்; பின்னால் பெரியவர்கள் நான்கு பேர்; அவர்கள் மடியில் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே ஏறி விடும். ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கல், கோவிலுக்குத் தீர்த்தமலை, கோடை விடுமுறைக்கு ஏற்காடு என்று கிளம்பி விடுவார்கள். (இன்று அப்படி ஏறவே கூடாது குட்டீஸ்! சீட் பெல்ட் கட்டாயம்!)

சேலத்தில் இருந்து ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தொப்பூர் கணவாயும் சாதாரண மேடு இல்லை. அந்தக் காலத்தில் மேடேறும் கார்கள், பாதி வழியில் 'புஸ்ஸ்...' என்று ஆவி விட்டபடி நின்று விடும். ஏன் தெரியுமா?

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிவதால் பயங்கர சூடு உண்டாகும். அந்தச் சூட்டை, இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக் கொண்டு, முன்பக்கம் உள்ள 'ரேடியேட்டர்' பெட்டிக்குப் போகும். அங்கே வீசும் காற்றில் குளிர்ந்து, மறுபடி இன்ஜினுக்கு வரும். மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்கு வேலை அதிகம். காரின் வேகமோ குறைவு. காற்றும் குறைவாகவே கிடைக்கும். தண்ணீர் கொதித்து விடும்!

உடனே எல்லாரும் இறங்கி, மரத்தடியில் துண்டு விரித்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். சூடு ஆறியதும் குடத்துத் தண்ணீரை ஊற்றி, மறுபடி கிளம்புவார்கள். ஊர் போய்ச் சேர்ந்து என்ன பார்த்தோம் என்பது பலருக்கு மறந்திருக்கும். வழியில் கார் நின்றது மட்டும் மறந்திருக்காது. வேண்டுமானால் உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்!

சென்னையில் பிறந்த கார்

நம் தமிழகத்திலேயே தயாரான கார் ஒன்றும் உண்டு. சென்னையில் இருந்த 'ஸ்டாண்டர்டு மோட்டார்' நிறுவனம், 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரைத் தயாரித்தது. இதன் முன் மூடியைத் தூக்கினால், சக்கரத்தின் மேல் உள்ள மட்கார்டுகளும் சேர்ந்து, முதலை வாய் திறப்பது போல மொத்தமாக எழும்பும். உள்ளே இருக்கும் எல்லாமே பளிச்சென்று தெரியும்.

அப்போதெல்லாம் நினைத்தவுடன் கார் வாங்கி விட முடியாது. எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதற்கு அரசின் அனுமதி தேவை. பணம் கட்டி, பெயரைப் பதிந்து விட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். 1983 டிசம்பரில் 'மாருதி 800' வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அவ்வளவு காத்திருந்து வாங்கிய காரை எடைக்குப் போடத் தாத்தாவுக்கு மனசு வருமா, சொல்லுங்கள்!

பிரதமரின் கார் கடன்

ஒரு காரின் கதை எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதற்கு, இதோ ஓர் உண்மை நிகழ்ச்சி.

நம் நாட்டின் இரண்டாவது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. 1964ல் அவர் பிரதமரான போது, சொந்தமாக ஒரு கார் கூட இல்லை. 'இப்போதாவது ஒரு கார் வாங்கலாமே' என்று வீட்டார் ஆசைப்பட்டனர். விசாரித்ததில், 'பியட்' காரின் விலை 12 ஆயிரம் ரூபாய் என்று தெரிந்தது. வங்கியில் இருந்த சேமிப்போ 7 ஆயிரம் ரூபாய் தான்! மீதி 5 ஆயிரம் ரூபாயை பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாக வாங்கித்தான், நாட்டின் பிரதமர் கார் வாங்கினார்.

1966 ஜனவரி 11ம் தேதி, தாஷ்கண்ட் நகரில் சாஸ்திரி திடீரென்று காலமானார். கடன் பாக்கி இருந்தது. அவரது மனைவி லலிதா சாஸ்திரி, தனக்கு வந்த பென்ஷன் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கடனைக் கட்டி முடித்தார்.

அந்தக் கார் இன்றும் டில்லியில், சாஸ்திரி நினைவு இல்லத்தில் நிற்கிறது. கதை தெரியாமல் பார்த்தால், அது வெறும் பழைய பியட். கதை தெரிந்து பார்த்தால், நேர்மைக்கு நான்கு சக்கரம் முளைத்தது போலத் தோன்றும். இந்தக் கதையை அவரது பிள்ளைகள் எடுத்துச் சொன்னதால்தான், நமக்கு இன்று அது தெரிகிறது. அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால்?

நம்பரைப் பார்த்துத் துப்பறியலாம்!

பழைய காரைப் பார்த்தால், முதலில் நம்பர் பிளேட்டைப் படியுங்கள். காமராஜர் பயன்படுத்திய செவர்லே காரின் எண், எம்.டி.டி., 2727. எம்.ஜி.ஆர்., பயன்படுத்திய அம்பாசிடரின் எண், டி.எம்.எக்ஸ்., 4777. அந்த அம்பாசிடரை, சென்னை தி.நகரில் உள்ள அவரது நினைவு இல்லத்தில் பார்க்கலாம்.

முதல் எண்ணில் உள்ள 'எம்' மெட்ராஸ் மாநிலத்தைக் குறிக்கும். 1969ல் நம் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிய பிறகு, 'டி' எழுத்தில் தொடங்கும் எண்கள் வந்தன. ஊருக்கு ஒரு எண் தரும் இப்போதைய முறை, 1989க்குப் பிறகு வந்தது. டி.என்., 29 என்றால் தர்மபுரி. பெரியவர்கள் பலருக்குத் தங்கள் போன் நம்பர் மறந்தாலும், முதல் காரின் நம்பர் மறக்காது!

பழைய காருக்கு என்ன ஆகும்?

சொந்தக் காரின் பதிவு, 15 ஆண்டுகள் வரை செல்லும். அதன் பின், நல்ல நிலையில் ஓடுகிறதா என்று சோதித்து, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புகை அதிகம் கக்கும் பழைய வண்டிகள் காற்றைக் கெடுக்கும் என்பதால், சோதனை அவசியம். தேறாத வண்டிகள், பழைய இரும்பாகி உருகி விடும்.

50 ஆண்டுகளைத் தாண்டியும், உருவம் மாறாமல் காப்பாற்றப்பட்ட சொந்தக் கார்களுக்கு, 2021ல் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. அவற்றை 'பாரம்பரிய வாகனம்' என்று பதிவு செய்து, 'வி.ஏ.,' என்ற எழுத்துகள் உள்ள நம்பர் வாங்கலாம். ஆனால், அதைத் தினமும் கடைக்குப் போக ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார்களின் அணிவகுப்பு போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம்.

ஒரு கணக்குப் போடுங்கள்... 1984ல் வந்த முதல் கான்டெஸா, எந்த ஆண்டில் இந்தத் தகுதியைப் பெறும்? ஆம், 2034ல்! அப்போது உங்களுக்கு என்ன வயது?

கோவை அவினாசி சாலையில், 2015ல் தொடங்கிய 'ஜி.டி., கார் அருங்காட்சியகம்' இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், உலகின் பல நாட்டுப் பழைய கார்களை அங்கே பார்த்து விட்டு வாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது!

எல்லாக் காரையும் அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது. உங்கள் வீட்டுக் கார் என்றோ விற்கப்பட்டிருக்கலாம். ஆனால், அதன் கதையை விற்க முடியாது. அது தாத்தா, பாட்டியின் மனசில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வைக்காவிட்டால், அவர்களுக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் போய் விடும். கார் இல்லாத வீடா? கவலை வேண்டாம். சைக்கிள், மாட்டு வண்டி, புல்லட், டிராக்டர் எதுவானாலும் சரி!

இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

* எந்த ஆண்டு வாங்கியது? என்ன விலை? பணம் எப்படிச் சேர்த்தீர்கள்?
* முதன்முதலில் எங்கே போனீர்கள்? யார் யார் ஏறினார்கள்?
* வழியில் நின்று போனது எப்போது? யார் உதவினார்கள்?
* அவசரத்துக்கு யாரை ஏற்றிப் போனீர்கள்? அவர்கள் இப்போது எங்கே?
* வண்டியை விற்றபோது, வீட்டில் யார் அழுதார்கள்?

பழைய போட்டோ இருந்தால், அதன் பின்னால் ஆண்டையும், படத்தில் இருப்பவர்களின் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள். வண்டியை ஓட்டிய டிரைவர், பழுது பார்த்த மெக்கானிக் ஊரில் இருந்தால், அவர்களையும் விடாதீர்கள். வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத கதை, அவர்களிடம் இருக்கும்!

ஓர் எச்சரிக்கை: நிறுத்தி வைத்துள்ள பழைய காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி விளையாடவே கூடாது. பழைய பூட்டு உள்ளிருந்து திறக்காமல் போகலாம். வெயிலில் உள்ளே அடுப்பு போலச் சூடாகி, உயிருக்கே ஆபத்தாகி விடும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏறிப் பாருங்கள்.

என்ன குட்டீஸ், ரெடியா? ஒரு நோட்டும், பேனாவும் எடுத்துக் கொண்டு, இன்று சாயங்காலமே தாத்தா பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: 'தாத்தா, நம்ம கார் நம்பர் என்ன?' மற்றதையெல்லாம் அவரே சொல்வார்!