காடு, நகரம், கடல்: தர்மபுரியிலிருந்து ஒரு குடும்பப் பயணம்

நம் மாவட்டத்தில் ஒகேனக்கல் உண்டு, கடல் கிடையாது. ஒரே விடுமுறையில் பிள்ளைகளுக்கு யானையும் கடலும் காட்ட விரும்புவோர் மைசூரு, முதுமலை, கோழிக்கோடு என்ற வரிசையில் போகலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது காட்டுச் சாலையின் நேரம். பந்திப்பூர் வழியாக முதுமலை செல்லும் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. மைசூருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவில் கிளம்பினால், குழந்தைகளோடு சோதனைச்சாவடியில் விடியும்வரை காத்திருக்க நேரும். இரவு மைசூருவில் தங்கி, ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். அங்குள்ள மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய் விடுமுறை. போகும் வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அடங்கியிருக்கும் கும்பஸைப் பார்க்கலாம். அந்த ஊரைச் சுற்றி ஓடும் காவிரிதான் ஒகேனக்கல்லுக்கும் வருகிறது!

நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய வாகனத்துக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அனுமதி இல்லை. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தெப்பக்காட்டில் சஃபாரி வனத்துறை வாகனத்தில்தான், சொந்தக் காரில் காட்டுக்குள் போக முடியாது. கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையோ மேற்குக் கடல் கொந்தளிக்கும். அரையாண்டு விடுமுறைதான் இரண்டுக்கும் தோது.

இருட்டுமுன் கூடலூர் சேர்ந்து தங்கினால், மறுநாள் நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு இறங்கலாம். அங்கே ஹலால் உணவுக்கு அலைய வேண்டியதில்லை. கடற்கரைக்குப் போகுமுன் குற்றிச்சிறையில் மிஷ்கால் பள்ளிவாசலைப் பாருங்கள். பல அடுக்குகளாக மரத்தால் எழுப்பப்பட்ட இப்பள்ளிக்கு 1510இல் போர்ச்சுகீசியர் தீ வைத்தனர். இன்றும் அங்கே தொழுகை நடக்கிறது.