எடை குறைப்பின் தூண்டுகோல்: பேரணாம்பட்டு வட்டாரத்தை முன்வைத்து

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தில், உழைப்பின் தன்மை இரண்டு தலைமுறைகளுக்குள் பெரிதும் மாறியிருக்கிறது. ஈரத்தோலைச் சுமந்து, சுண்ணாம்புத் தொட்டிகளில் புரட்டி, கையால் சதை சீவிச் செய்யப்பட்ட பதனிடும் வேலையின் பெரும்பகுதியை இன்று இயந்திரங்களும் சுழலும் டிரம்களும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஷூ கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின் முன் ஷிப்ட் முழுவதும் அமர்ந்திருக்கும் பெண்களும், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்களும் நாள் முழுதும் உழைக்கிறார்கள். ஆனால் அந்த உழைப்பில் கைவிரல்கள் களைக்கின்றனவே தவிர உடல் அசைவதில்லை. உடலுழைப்புக் காலத்துக்கென அமைந்த சோற்றின் அளவோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் மிகை எடை கொண்டோர் 2015-16இல் 30.9 விழுக்காடாக இருந்து 2019-21இல் 40.4 விழுக்காடாக உயர்ந்ததற்கு, இத்தகைய மாற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மிகை எடை என்பதைக் கணக்கிட, உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்துக்கொண்டு, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து உடல் நிறை குறியீட்டைப் பெறுகின்றனர். உலக அளவில் 25 என்பது மிகை எடையின் தொடக்கமாகக் கொள்ளப்பட, இந்தியர்களுக்கு 23 என்றே மருத்துவர்கள் வரையறுக்கின்றனர். ஏனெனில் இந்திய உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், அதே எடைக்குக் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட குறிப்பு இதைத் தெளிவாக்கியது: இருவரின் குறியீடும் 22.3 என்றிருக்க, யுட்கினின் உடலில் 9.1 விழுக்காடும் யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடும் கொழுப்பு இருந்தது. ஒல்லியாகத் தெரிபவருக்கும் சுகர் வருவது எப்படி என்ற பொதுவான வியப்புக்கு இதில் விடை இருக்கிறது.

இவ்வளவும் ஓரளவு தெரிந்த செய்திகளே என்றாலும், தெரிந்திருப்பது பழக்கத்தை மாற்றிவிடுவதில்லை. பெரும்பாலோர் முதன்முதலாக அசைவது அச்சத்தால்தான்: மாஸ்டர் செக்கப் அறிக்கையில் சிவப்பாகக் குறிக்கப்பட்ட ஓர் எண், உடன் வேலை செய்தவருக்கு நேர்ந்த மாரடைப்பு, மகளின் திருமணத்துக்குள் முழங்கால் வலி தீர வேண்டும் என்ற கவலை. எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்துக்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்காக அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட தேசியப் பதிவேட்டின் தரவுகளும், மருத்துவக் காரணத்தால் தொடங்கியவர்கள் பிறரைவிடக் கூடுதலாகக் குறைத்ததையும் மெதுவாகவே மீண்டும் கூடியதையும் காட்டுகின்றன. ஆனால் அச்சத்துக்கு ஆயுள் குறைவு. மாத்திரையால் சர்க்கரை அளவு இறங்கியதும் அறிக்கையின் மிரட்டலும் இறங்கிவிடுகிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. எனினும், மாத்திரை வந்துவிட்டதால் நடக்கத் தேவையில்லை என்று பலர் எண்ணிக்கொள்வதையும் மறுக்க முடியாது.

அச்சத்தைவிடப் பயனற்றது அவமானம். கல்யாண வீட்டில் உருவத்தைக் கேலி செய்தால் ரோஷம் வந்து உடம்பைக் குறைப்பார்கள் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2006 முதல் 2010 வரை கவனித்த ஆய்வோ இதற்கு நேர்மாறானதைக் கண்டது: எடையின் பொருட்டு இழிவாக நடத்தப்பட்டவர்கள் பின்னர் உடற்பருமன் நிலையை எட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. ரோசெஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் டெசியும் ரயனும் வகுத்த தன்முடிவுக் கோட்பாடு இதற்குரிய விளக்கத்தைத் தருகிறது. பிறர் வற்புறுத்தலால் எழும் ஊக்கம் வற்புறுத்துபவர் அகன்றதும் அடங்கிவிடுகிறது. தானே மதிக்கும் ஒன்றுக்காக, தானே தேர்ந்த வழியில் எழும் ஊக்கமே நிலைக்கிறது என்பது அக்கோட்பாட்டின் சாரம்.

இந்த வட்டாரத்து வாழ்க்கையிலேயே இதற்குச் சான்று உண்டு, அதுவும் எந்த ஆய்வகச் சான்றுக்கும் குறையாத வலிமையுடன். நான்கு மணித் தேநீரைக் கைவிட முடியாது என்று மருத்துவரிடம் உறுதியாகச் சொல்பவர், ரமலான் மாதத்தில் விடியல் முதல் அந்தி வரை தண்ணீரும் அருந்தாமல் இருக்கிறார். சிகரெட்டை விட முயன்று பலமுறை தோற்றவர், சபரிமலைக்கு மாலை அணிந்த 41 நாளும் அதைத் தொடுவதில்லை. மனவுறுதி இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல இயலாது. நோன்புக் காலத்தில் காரணம் அவர்களுடையதாக இருக்கிறது. விதி ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருக்கிறது. வீடும் தெருவும் சேர்ந்தே நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. தவறினால் கேட்க ஒரு குருசாமியோ குடும்பமோ இருக்கிறது. பெருநாள் முடிந்ததும், மாலையைக் கழற்றியதும், இந்நான்கும் ஒருசேர விலகிவிடுவதால் பழைய பழக்கம் திரும்புகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு, புதிய பழக்கம் தானாக நிகழத் தொடங்க இடைநிலையாக 66 நாட்கள் ஆவதையும், அது ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடுவதையும் கண்டது. விரதம் பெரும்பாலும் பழக்கமாக முதிர்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்று இதைக்கொண்டு கருதலாம். (நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் நோன்புக்கு முன் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்வது அவசியம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.)

எல்லோரும் ஒரே மனநிலையில் இருப்பதில்லை என்பதும் கவனத்துக்குரியது. புகையைக் கைவிட முயன்றவர்களை ஆராய்ந்த புரோச்சாஸ்கா, டிக்ளெமென்டே என்ற உளவியலாளர்கள் 1980களில், மாற்றத்தை எண்ணியும் பாராத நிலை, எண்ணிப் பார்க்கும் நிலை, ஆயத்தமாகும் நிலை, செயல்படும் நிலை, தக்கவைக்கும் நிலை எனப் படிகளாகப் பிரித்தனர். எண்ணியும் பாராதவரிடம் உணவு அட்டவணையை நீட்டுவது வீண். அவருக்குத் தேவை தன் நிலையைப் பற்றிய ஒரு கேள்வி மட்டுமே. இக்கருத்தைத் தென்னிந்தியத் தொழிலாளர்களிடம் சோதித்தது சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு. தென்கிழக்கு இந்தியாவின் 10 இடங்களில், நீரிழிவின் விளிம்பில் நின்ற, 35 முதல் 55 வயதுக்குட்பட்ட, வேலைக்குச் செல்லும் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு, அவரவர் நிற்கும் படிக்கு ஏற்பச் சிறு அறிவுரைகள் கைபேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டன. இரண்டாண்டு முடிவில் குறுஞ்செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. 2013இல் வெளியான இந்த முடிவு, செலவு மிகுந்த ஏற்பாடு ஏதுமின்றி ஒரு தொழிற்சாலை தன் ஆட்களுக்குச் செய்யக்கூடியது இன்னதென்று காட்டுகிறது.

ஆயினும் ஊக்கத்தை முழுவதும் தனிமனிதர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியலில் எழுந்து சமைத்து, இருட்டிய பின் வீடு திரும்பி மீண்டும் சமைக்கும் பெண்ணிடம் தினமும் வாக்கிங் போகச் சொல்வது, கேட்க எளிய அறிவுரை. சோற்றைக் குறைக்க நினைக்கும் மாமியாருக்கெனத் தனியே சமைக்க எந்த வீட்டிலும் நேரமில்லை; ஆம்பூர் வட்டாரத்துக் கல்யாணத்தில் பிரியாணியை மறுப்பது விருந்தளிப்பவரை மறுப்பதாகவே கொள்ளப்படும். இத்தகைய நெருக்கடிகளுக்கு நடுவில் கைகொடுப்பது சிறு திட்டமே: “உடம்பைக் குறைப்பேன்” என்ற பொதுத் தீர்மானத்தைவிட, இன்ன நேரத்தில் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே வகுத்த சிறு திட்டம் நன்கு பலிக்கிறது என்கிறார் ஜெர்மானிய உளவியலாளர் கோல்விட்சர். மதிய இடைவேளை மணி அடித்ததும் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பது, வீட்டில் அனைவருக்கும் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துப் பொரியலில் ஒரு கரண்டியைக் கூட்டுவது போன்றவை அத்தகையவை.

எடை மெஷினில் தெரியும் எண்ணையே குறிக்கோளாக்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு: எண் அசையாத வாரத்தில் ஊக்கம் முறிந்துவிடுகிறது. ராமச்சந்திரன் குழுவே 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 531 பேரிடையே உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அதே வேளையில் அவர்களது எடையில் குறிப்பிடத்தக்க இறக்கம் ஏற்படவில்லை. எடை குறையாததால் முயற்சி தோற்றது என்று கருதி நடையை நிறுத்தியவர்கள், உண்மையில் பலன் தந்துகொண்டிருந்த ஒன்றையே நிறுத்தியிருக்கிறார்கள். எனவே மருத்துவமனையிலும் வீட்டிலும் இனி “எத்தனை கிலோ குறைந்தது?” என்று கேட்பதை விட்டு, இந்த வாரம் எத்தனை நாள் நடக்க முடிந்தது என்றும், முடியாத நாளில் தடுத்தது எது என்றும் கேட்க வேண்டும்.