அணைந்து சேதி சொல்லும் விளக்கு

சோப்புத் தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை வெயிலில் பளிச்சென்று கண்ணைப் பறிக்கிறதே, அதற்குக் காரணம் சுத்தம் மாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். தூளில் ஒரு ரஸாயனச் சரக்கையும் கலந்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அது வாங்கிக் கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. துணியின் பழுப்பு மறைந்து போகிறது. நம் பாட்டிமார் துணிக்கு நீலம் போட்டதும் இதே எண்ணத்தில்தான். ஆனால் அந்த நீலத்துக்குச் சொந்த ஒளி கிடையாது.

நம் சமையலறை மஞ்சளும் இந்த ஜாதிதான். ஸ்பிரிட்டில் ஒரு சிட்டிகை கரைத்து, கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் அதன்மேல் அடித்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஜொலிக்கும். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவுக்கும் இந்தக் குணம் உண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் 1852-ல் கொயினாக் கரைசலை வைத்து ஆராய்ந்துதான் இந்த விந்தையை விளக்கினார். 'ஃப்ளோரஸன்ஸ்' என்று அதற்குப் பெயர் சூட்டியவரும் அவரே.

இப்படி ஒளிரும் பொருளை உளவு பார்க்கவும் அனுப்பலாம். எதை உளவு பார்க்க? கண்ணிவெடியை!

சண்டை ஓய்ந்து, சமாதானப் பத்திரத்தில் கையெழுத்தான பிறகும் மண்ணுக்கடியில் காத்துக் கிடக்கும் பிசாசு அது. விறகு பொறுக்கப் போகிற பெண்ணுக்கும், மாடு ஓட்டிப் போகிற பையனுக்கும் யுத்தம் முடிவதே இல்லை. இலங்கையில் 2009-ல் போர் முடிந்த பிறகு, வடக்கே முகமாலையில் தமிழ்ப் பெண்களே மண்டியிட்டு அமர்ந்து, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி வெடிகளை எடுத்தார்கள். கணவனைப் போரில் பறிகொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

உலோகத்தைக் கண்டால் கூவும் கருவி இருக்கிறது. ஆனால் அது துருப்பிடித்த ஆணிக்கும் கூவும், தகரத் துண்டுக்கும் கூவும். பிளாஸ்டிக் உறை போட்ட வெடியிலோ உலோகம் குன்றிமணி அளவுதான். ஆகவே மோப்ப நாயை நம்பினார்கள். பெரும்பாலான வெடிகளுக்குள் இருப்பது டி.என்.டி. என்ற மருந்து. அதிலிருந்து கசியும் ஆவி மகா சொற்பம். மருந்துக் கட்டியின் பக்கத்திலேயே, காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளுக்கு ஏதோ சில மூலக்கூறுகள். மண்ணைத் தாண்டி மேலே வருவது அதனினும் குறைவு. அதையும் நாய் கண்டுபிடித்து விடுகிறது. ஆனால் நாய்க்குப் பசி உண்டு, களைப்பு உண்டு.

அமெரிக்காவில், எம்.ஐ.டி. என்ற பிரபல தொழில் நுணுக்கக் கழகத்தில் டிமோதி ஸ்வேகர் என்ற ரஸாயனப் பேராசிரியர் நாய்மூக்குக்கு ஈடான ஒரு பொருளைத் தேடினார். சாதாரண ஒளிர் மூலக்கூறு உதவாது. ஒரு டி.என்.டி. வந்து ஒன்றை அணைத்தால், பக்கத்தில் ஆயிரம் எரிந்து கொண்டேயிருக்கும். யாருக்குத் தெரியப் போகிறது?

கல்யாணப் பந்தலில் சீரியல் விளக்கு கட்டுகிறார்கள் அல்லவா? பழைய மாதிரிச் சரமாக இருந்தால் ஒரு பல்பு போனதும் சரம் முழுவதும் போய்விடும். பந்தல்காரர் தலையில் அடித்துக் கொள்கிற அந்தச் சங்கடம்தான் ஸ்வேகருக்கு வரமாயிற்று. ஒளிரும் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தார். அதுதான் பாலிமர். அதன்மேல் ஒளி பட்டதும் கிடைக்கிற சக்தி ஓரிடத்தில் நிற்பதில்லை. கண்ணி கண்ணியாக ஓடுகிறது. வழியில் எந்தக் கண்ணியிலாவது டி.என்.டி. ஒட்டிக் கொண்டிருந்தால் தீர்ந்தது! எலெக்ட்ரான் பசி பிடித்த அந்த மருந்து, ஒளிர வேண்டிய எலெக்ட்ரானைப் பறித்துக் கொள்ளும். சரம் இருண்டு போகும். இப்படி ஒன்றின் வேலை பலவாகப் பெருகுவதை 1995-லேயே ஸ்வேகர் குழு காட்டிவிட்டது.

ஆனால் கரைசலில் நடந்தது படலத்தில் நடக்க வேண்டுமே! பாலிமரை மெல்லிய பூச்சாகப் பூசினால் சங்கிலிகள் ஆறிப்போன சேமியா மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டன. ஒட்டினால் தாமாகவே மங்கும், டி.என்.டி. நுழையவும் இடமிராது. இதற்கு அவர் செய்த யுக்தியைத்தான் நான் மிகவும் ரசித்தேன். 'பென்டிப்டிசீன்' என்ற விறைப்பான, முரட்டு அமைப்பைச் சங்கிலியில் இடையிடையே செருகினார். அது முட்டுக் கொடுத்து இழைகளை விலக்கி நிறுத்தியது. நடுவே விழுந்த சந்துகள் டி.என்.டி. புகுந்து உட்காரப் பொருத்தமாக அமைந்தன. 1998-ல் யாங் என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து இதை வெளியிட்டார்.

ஓக்லஹாமா ராஜ்யத்தில் நோமாடிக்ஸ் என்ற கம்பெனி இதை வைத்துக் கையில் தூக்கிப் போகக் கூடிய கருவி செய்தது. மெல்லிய கண்ணாடிக் குழாயின் உட்புறம் பாலிமர்ப் பூச்சு. குழாய் வழியே காற்றை உறிஞ்சும்போது பூச்சின் ஒளி குறைகிறதா என்று ஓர் எலெக்ட்ரானிக் கண் பார்த்துக் கொண்டேயிருக்கும். கருவிக்கு என்ன பெயர் தெரியுமோ? 'ஃபைடோ'! இங்கே நாய்க்கு 'மணி' என்பதுபோல அங்கே ஃபைடோ. ஈராக்கில் பாதையோர வெடிகளைத் தேட அமெரிக்கப் படையினர் இதைக் கொண்டு போனார்கள். சின்ன யந்திர மனிதன்மேல் பொருத்தியும் அனுப்பினார்கள். 2007-ல் ஸ்வேகருக்கு லெமல்ஸன் பரிசு கிடைத்தது. தொகை ஐந்து லட்சம் டாலர்.

வயல்வெளியில் கதை இத்தனை சுலபமாக இல்லை. வாசனை புதைத்த இடத்திலேயே நிற்பதில்லை. மழைநீரோடும் மண்ணோடும் நகர்ந்து விடுகிறது. ஏற்கெனவே குண்டு விழுந்த பூமியில் எங்கு பார்த்தாலும் மருந்து நெடி. 'இந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது' என்று கருவி சொல்லலாம். எந்த அடியில் என்று மண்வாரியோடு மண்டியிடுகிறவர்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்.டி.எக்ஸ்., பி.இ.டி.என். என்ற வெடிமருந்துகளுக்கு இந்த விளக்கை அணைக்கும் சாமர்த்தியம் அவ்வளவாக இல்லை. அவற்றுக்காக ஸ்வேகரும் அவருடைய மாணவி ஒருவரும் 2007-ல் நேர்மாறான ஒரு மூலக்கூறைச் செய்தார்கள். அது மங்கிக் கிடக்கும். மருந்து கலந்து, புற ஊதா ஒளியும் பட்டால், ஒளிரத் தொடங்கும்.