எழுந்து போக வழி இருக்கிறதா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துச் சீரங்கத்தில் இறங்குகிறவர்கள் ராஜகோபுரத்துக்கு எதிரே இருக்கும் பெரியார் சிலையைப் பார்க்காமல் போவது கஷ்டம். 2006 டிசம்பரில் திறப்பு விழாவுக்கு முன்பே அங்கிருந்த சிலையின் தலையை உடைத்தார்கள். அதே மாதத்தில் வேறு சிலை வைத்துத் திறந்தும் விட்டார்கள். அப்போது ஊரில் எழுந்த கேள்வி இன்னமும் டீக்கடைகளில் கேட்கிறது: "சாமி இல்லேங்கிறவங்களுக்குக் கோயில் வாசல்ல என்ன வேலை? இது திணிப்பு இல்லாம வேற என்ன?"

என்னிடம் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று தெருவுக்கு, மற்றது வீட்டுக்கு. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், கருப்புச் சட்டைக்காரர். அம்மா சமயபுரத்தாளை நினைக்காமல் அடுப்பைப் பற்ற வைக்காதவர். நான் இரண்டு பேருக்கும் பிள்ளை. கோயிலுக்குப் போனால் கும்பிட மாட்டேன், சிற்பத்தைப் பார்த்துக்கொண்டு தூணோரம் நிற்பேன். கும்பிடுகிறவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வராது.

முதலில் தெரு.

1953 மே 27, புத்தர் பிறந்தநாள். திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் மாலை ஐந்தரை மணி வாக்கில் பெரியார் ஒரு களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைத்தார். உடைக்கப் போவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் மத உணர்வு புண்பட்டது என்று வழக்குப் போட்டார். மண்ணால் செய்த பொம்மையை உடைத்தால் அது குற்றமாகாது என்று மாஜிஸ்திரேட் புகாரைத் தள்ளினார். செஷன்ஸ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அதையே சொல்ல, வழக்கு டெல்லிக்குப் போனது.

நான் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தவள். சீனியருடைய அலமாரியில் இருந்த ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுதியில் அந்த 1958 ஆகஸ்ட் தீர்ப்பை உணவு இடைவேளையில் படித்தேன். அப்பா மேடையில் பாதிக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியார் மீதான புகார் தள்ளுபடியானது உண்மை. அதற்கு உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம், சம்பவம் நடந்து நெடுங்காலம் ஆகிவிட்டது என்பது. சட்டத்தைப் பற்றி அது சொன்னதோ வேறு. கோயிலில் பிரதிஷ்டை செய்த சிலைதான் புனிதமானது என்று கீழ் நீதிமன்றங்கள் குறுக்கிப் பார்த்தது தவறு. ஒரு கூட்டத்தார் எதைப் புனிதமாக நினைக்கிறார்களோ, அந்த நம்பிக்கையில் நீதிபதிக்குப் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை மதித்தே தீர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "தள்ளுபடிதானே ஆச்சு?" என்றார். நான் தீர்ப்பின் பக்கம்.

ஆனாலும் அந்தப் பிள்ளையார் உடைப்பை நான் திணிப்பு என்று சொல்ல மாட்டேன். அது புண்படுத்தல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை வருகிறது. மைதானத்தில் உடைத்தார், பிடிக்காதவர் வீட்டுக்குப் போகலாம், போய்த் தன் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடலாம். போட்டார்கள். தீச்சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, "தீச்சட்டி இங்கே, மாரியாத்தா எங்கே?" என்று கோஷம் போட்டுப் போகும் மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலத்தைச் சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதுகில் அலகு குத்தி, கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொண்டு வருவார்கள். வாசலில் நின்ற பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே அலகு எங்கே குத்தியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். அடுத்த வாரம் அவர்களே சமயபுரத்துக்குத் தீச்சட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

1971 ஜனவரியில் சேலத்தில் கருப்புச் சட்டைக்காரர்கள் நடத்திய ஊர்வலத்தில் ராமர் படத்தைச் செருப்பால் அடித்ததாகப் பெரிய சர்ச்சையே மூண்டது. இரண்டு மாதம் கழித்து வந்த தேர்தலில், பெரியார் ஆதரித்த தி.மு.க. 184 இடங்களில் ஜெயித்தது. அந்த ஓட்டைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சாமி கும்பிடுகிறவர்கள்தான். தமிழ் ஜனங்கள் அரசியலை ஒரு காதிலும் ஆத்திகத்தை இன்னொரு காதிலும் வாங்கிக்கொள்ளப் பழகியவர்கள்.

திணிப்பு என்றால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ரஷ்யாவைப் பார்க்க வேண்டும். 1931-இல் ஸ்டாலின் அரசு மாஸ்கோவின் மிகப் பெரிய தேவாலயத்தை வெடி வைத்துத் தகர்த்தது. அல்பேனியாவில் 1967-இல் மசூதி, சர்ச் எல்லாவற்றையும் மூடி, உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்தார்கள். அங்கே போலீஸும் சிறையும் நாத்திகத்தின் கையில் இருந்தன. வீட்டுக்குள் ரகசியமாக ஜெபிக்கிறவருக்கும் பயம். அதே 1967-இல்தான் இங்கே பெரியாரின் மாணவர்கள் கோட்டைக்குள் நுழைந்தார்கள். ஒரு கோயிலையும் பூட்டவில்லை. திருவாரூரில் நெடுங்காலம் ஓடாமல் நின்றிருந்த ஆழித்தேர் 1970-இல் மறுபடி ஓடியது, கடவுள் நம்பிக்கை இல்லாத முதலமைச்சர் கருணாநிதியின் முயற்சியால். அதே ஆண்டில், பரம்பரை முறையை நீக்கி எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக வழி செய்யும் சட்டத் திருத்தமும் வந்தது. நீதிமன்றங்களில் இழுபட்டு இழுபட்டு, 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற 24 பேர் ஒரே நாளில் அர்ச்சகர் நியமனம் பெற்றார்கள். கருவறைக்குள் போகும் உரிமையைக் கேட்டுப் போராடியவர் கோயிலே வேண்டாம் என்ற பெரியார். வேறெந்த நாட்டு நாத்திகராவது இப்படி ஒரு வேலை பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

பெரியாரிடம் இன்னொரு குணமும் இருந்தது. கூட்டத்தில் எவ்வளவு காரமாகப் பேசினாலும், நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் புத்தியில் பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடிப்பார். குன்றக்குடி மடத்துக்குப் போனபோது அடிகளார் தரப்பில் கொடுத்த திருநீற்றை மறுக்காமல் பூசிக்கொண்டார் என்பதை இரண்டு தரப்பாரும் சொல்வார்கள். அடுத்தவர் வீட்டில் அடுத்தவர் மரியாதை. 2020-இல் கந்த சஷ்டி கவசத்தைக் கொச்சைப்படுத்தி யூடியூபில் ஒரு காணொளி போட்டார்களே, கைது வரைக்கும் போனதே, அவர்கள் பெரியாரிடமிருந்து இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. நோய் தீர வேண்டும் என்று ஒரு கிழவி உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் சொல்லி வேண்டிக்கொள்வதில் கேலி செய்ய என்ன இருக்கிறது?

இத்தனை பேசியும் என்ன ஆனது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மதம் இன்னதென்று சொல்லாதவர்கள் 0.26 சதவீதம். சுயமரியாதை இயக்கம் தொடங்கி எண்பத்தைந்து வருடம் கழித்து வந்த கணக்கு இது. தெருவில் திணித்திருந்தால், இவ்வளவு மோசமாகத் தோற்ற திணிப்பு வேறு இருக்காது.

இனி வீடு. இங்கே என் பதில் மாறும்.

மாசி கடைசி ஞாயிறு வந்தால் சமயபுரத்தில் பச்சைப் பட்டினி விரதம் தொடங்கும். பக்தர்களுக்காக மாரியம்மனே இருபத்தெட்டு நாள் விரதம் இருக்கிறாள் என்பது ஐதீகம். துள்ளுமாவு, இளநீர் போன்றவைதான் நைவேத்தியம். அம்மாவும் ஆத்தாளோடு சேர்ந்து விரதம் இருப்பார். பணிமனையில் சங்கு ஊதி அப்பா வீட்டுக்கு வருவார். கூடவே தோழர்கள் இரண்டு மூன்று பேர் வருவார்கள். காப்பி கொண்டுவந்து வைக்கும் அம்மாவிடம், அவர்கள் எதிரிலேயே கேட்பார்: "ஏம்மா, உங்க ஆத்தா இன்னைக்கு என்ன சாப்பிட்டா?" தோழர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை மட்டும் அம்மா திருப்பிச் சொன்னார்: "அவ இருபத்தெட்டு நாள் பசி தாங்குறா. உங்களுக்குக் காப்பி பத்து நிமிஷம் தாமதமானா வீடே ரெண்டாகுது." அன்றைக்கு அப்பாவுக்குப் பதில் வரவில்லை. கேலியும் நிற்கவில்லை.

அப்பா கை ஓங்கியதில்லை. கோயிலுக்குப் போகாதே என்று சொன்னதும் இல்லை. ஆனால் சாமி படம் மாட்ட வீட்டில் ஓர் ஆணி கிடையாது. அம்மாவின் மாரியம்மன் அடுப்படியில் புளிப்பானைக்குப் பின்னால், காலியான குட்டிகுரா பவுடர் டப்பாவுக்குள் குங்குமமாக இருந்தாள். காலையில் அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா அந்த டப்பாவைத் திறந்து ஒரு விரலில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார். மைதானத்தில் பெரியார் பேச்சுப் பிடிக்காதவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகலாம். அம்மா எங்கே போவார்? அவருக்கு இருந்த ஒரே மைதானம் அந்த அடுப்படி.

என் கல்யாணம் எண்பதுகளில், சுயமரியாதைத் திருமணம். தலைமை தாங்க வந்தவர் ஒன்றரை மணி நேரம் ராமாயணத்தைப் பிரித்து மேய்ந்தார். லால்குடியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள் நெற்றியில் விபூதியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, பந்தி எப்போது போடுவார்கள் என்று சமையல்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை என் காதில், "கண்ணு, உன்னைய வாழ்த்தத்தான வந்தோம், எங்கள ஏன் திட்டுறாங்க?" என்றார். கல்யாண வீட்டிலிருந்து பாதியில் எழுந்து போனால் சம்பந்தம் கெட்டுவிடும். அதனால் எல்லோரும் இருந்தார்கள். பேசியவர் அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார்.

கடுகு டப்பாவில் சேர்த்த காசில் அம்மா ஆசாரியிடம் ஒரு தாலி செய்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். முதல் நாள் இரவு அப்பாவிடம் அதைக் காட்டியிருக்கிறார். "சங்கிலி மாட்டுறதுக்கா பொண்ண வளர்த்தேன்?" என்றாராம். அத்தோடு பேச்சு முடிந்தது. மறுநாள் மாலை மாற்றிக்கொண்டோம். அந்தத் தாலியை அம்மா அடுத்த பங்குனியில் சமயபுரம் உண்டியலில் போட்டுவிட்டார். தாலி பெண்ணடிமைச் சின்னமா இல்லையா என்பதில் எனக்கும் அபிப்பிராயம் உண்டு. அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். என் கழுத்து, முடிவு செய்தது அப்பா. ஜாதகத்தைக் காட்டி மகள் வாழ்க்கையை முடிவு செய்யும் அப்பாவுக்கும் இவருக்கும் அந்த ராத்திரியில் என்ன வித்தியாசம்?

இதில் வேடிக்கை, அப்பா கொண்டாடிய சட்டமே அவரைவிடத் தாராளமானது. ஐயர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணங்கள் செல்லாது என்று ஐம்பதுகளில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணா முதல்வரானதும் 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்த கல்யாணங்களையும் சேர்த்துச் செல்லும் என்றாக்கினார். உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம். தாலியும் கட்டலாம்.

ஆத்திகர்கள் உடனே, பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி என்று கிளம்ப வேண்டாம். நான் வேலை பார்த்த வக்கீல் ஆபீஸில் சரஸ்வதி பூஜையன்று சட்டப் புத்தகத்துக்கெல்லாம் சந்தனம் அப்புவார்கள், வசூலுக்கு என் பேரையும் எழுதுவார்கள். ஒரு வருடம் நான் பொட்டு வைத்துக்கொள்ளாமல் நின்றதற்கு, கருப்புச் சட்டைக்காரர் பெண் என்று வருடம் முழுக்கப் பேச்சு. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டி விடியற்காலையில் எழுப்புகிறார்களே, அதிலிருந்து யார் எழுந்து போவது? இதெல்லாம் வழக்கம் என்று பெயர் வாங்கிவிட்டதால் திணிப்பாகத் தெரிவதில்லை. கோவையில் 2017 மார்ச்சில், தன் மதத்தை விட்டு நாத்திகரான ஒருவரை வெட்டியே கொன்றார்கள். புனேயில் 2013-இல் மூடநம்பிக்கை ஒழிப்புக்காக உழைத்த தபோல்கரைக் காலை நடைப்பயிற்சியில் சுட்டார்கள். நாத்திகர் கருத்தைத் திணிக்கிறார்கள் என்று புகார் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே சீரங்கத்துச் சிலை அங்கேயே இருக்கட்டும். அதைக் கடந்துதான் எல்லோரும் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வருகிறார்கள். கருப்புச் சட்டை அண்ணன்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மேடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டில் மனைவிக்கு ஓர் ஆணி அடித்துக் கொடுங்கள். மகள் கல்யாணத்தில் மாலையா, மோதிரமா, தாலியா என்பதை மகளிடம் கேளுங்கள். 7-ஏ பிரிவில் மூன்றுக்கும் இடம் இருக்கிறது. வாழ்த்த வருகிற சம்பந்திகளுக்கு முதலில் பந்தி போடுங்கள். ராமாயணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம், கேட்க இஷ்டப்பட்டவர்கள் இருப்பார்கள்.