மிதிவண்டிப் பெடல் வடிவமைப்பு மேம்பாடு

மிதிகட்டை என்பது மிதிவண்டி ஓட்டுபவரின் கால் விசையை வண்டிக்குக் கடத்தும் உறுப்பாகும். பேச்சு வழக்கில் இது பெடல் எனப்படுகிறது. பெடலின் அச்சு கிராங்கு எனப்படும் கையின் நுனியில் மரையால் பொருத்தப்பட்டிருக்கும். வண்டியின் விலையில் பெடலின் பங்கு மிகச் சிறியது. ஆனால் ஓடும் வண்டியில் கால் வழுக்கினாலோ பெடல் கழன்றாலோ ஓட்டுபவர் கீழே விழ நேரிடும். எனவே பெடலின் பிடிப்பு, உறுதி, பழுது பார்க்கும் வசதி ஆகியவை பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையவை.

வரலாறு

1817-இல் செருமனியைச் சேர்ந்த கார்ல் வான் டிரைசு உருவாக்கிய இருசக்கர வண்டியில் பெடல் கிடையாது. ஓட்டுபவர் தரையைக் கால்களால் உந்திச் சென்றார். 1860-களில் பாரிசு நகரில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடல் பொருத்திய வண்டிகள் வந்தன. 1885-இல் இங்கிலாந்தில் வெளியான ரோவர் மிதிவண்டியில் பெடலின் சுழற்சி சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்குக் கடத்தப்பட்டது. இன்றைய மிதிவண்டியின் அடிப்படை அமைப்பு இதுவே.

அதன்பின் பந்தய வண்டிகளுக்கான பெடல்கள் வேறு வழியில் வளர்ந்தன. 1984-இல் பிரான்சின் லுக் நிறுவனம் காலணியின் அடிப்பகுதியைப் பெடலோடு பூட்டும் அமைப்பை வெளியிட்டது. சிறப்புக் காலணி தேவைப்படும் இவ்வகை, செருப்பணிந்தோ வெறுங்காலோடோ ஓட்டுபவருக்குப் பயன்படாது.

கிராமப்புறப் பயன்பாடு

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் ஏரிப் பாசனமும் நெல் வயல்களும் நிறைந்தவை. இங்கு மிதிவண்டி பள்ளிக்குச் செல்லவும், பால், புல்லுக்கட்டு, காய்கறி ஏற்றிச் செல்லவும் பயன்படுகிறது. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டங்கள் உள்ளன. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அவர்களில் பலர் ஆண்கள் வண்டியையே விரும்பினர்.

இத்தகைய பயன்பாட்டில் பெடல் தாங்கும் சுமை, சமதளத்தில் உட்கார்ந்து மிதிக்கும்போது உள்ளதைவிட அதிகம். இடது பெடலில் ஒரு காலை வைத்து, மறு காலால் தரையை உந்தி ஏறும் வழக்கம் பரவலானது. அப்போது உடல் எடை முழுவதும் ஒரே பெடலில் இறங்குகிறது. இருக்கை எட்டாத சிறுவர்கள் வண்டியின் முக்கோணச் சட்டத்துக்குள் ஒரு காலை நுழைத்து ஓட்டுவது 'குரங்கு பெடல்' எனப்படுகிறது. இதில் பாதம் பெடலில் சாய்வாகவே படுகிறது.

28 அங்குலச் சக்கரமும், முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் கொண்ட வண்டியை எடுத்துக்கொண்டால், பெடல் ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரம் சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ளது. இடைவிடாமல் மிதித்தால் போக வர சுமார் 3,700 சுற்றுகள் ஆகும். ஆண்டில் 200 நாட்கள் என்று கொண்டால் இது 7.4 லட்சம் சுற்றுகளாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அச்சு ஒருமுறை வளைவு விசையைத் தாங்க வேண்டும்.

மரையின் திசை

வலது பெடலில் வழக்கமான வலது மரையும், இடது பெடலில் இடது மரையும் இருக்கும். 1900-ஆம் ஆண்டளவில் ரைட் சகோதரர்கள் தங்கள் டேட்டன் நகர மிதிவண்டிக் கடையில் தயாரித்த வண்டிகளில் இம்முறையைப் பயன்படுத்தினர்.

வலப்புறமிருந்து பார்த்தால் கிராங்கு கடிகார முள் திசையில் சுற்றுகிறது. காலின் அழுத்தம் எப்போதும் கீழ்நோக்கியே இருப்பதால், கிராங்கோடு ஒப்பிட அந்த அழுத்தம் எதிர்த் திசையில் சுற்றி வருகிறது. அச்சுக்கும் துளைக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் அச்சு துளையின் சுவரோடு உருண்டு, அழுத்தம் சுற்றும் திசைக்கு எதிராகச் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. அதாவது கடிகார முள் திசையில் திரும்புகிறது. எனவே வலது மரை இறுகுகிறது. இடப்பக்கம் அனைத்தும் தலைகீழ் என்பதால் அங்கு இடது மரை தேவை. ஒரு பென்சிலைக் கைக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் நுனியை வட்டமாகச் சுழற்றினால், பென்சில் எதிர்த் திசையில் தன்னைத்தானே திருப்பிக்கொள்வதைக் காணலாம்.

பெடலின் பால்ரஸ் குண்டுகளில் ஏற்படும் உராய்வோ அச்சைக் கழற்றும் திசையில் இழுக்கிறது. கிரீஸ் இருக்கும்வரை இந்த இழுப்பு மிகக் குறைவு. துருப்பிடித்துப் பெடல் இறுகிவிட்டால் உராய்வு வென்றுவிடும். அச்சு கழலத் தொடங்கும். தளர்ந்த அச்சோடு தொடர்ந்து ஓட்டினால் கிராங்கின் மரை தேய்ந்து, கிராங்கையே மாற்ற நேரிடும். சில கிராம் கிரீஸ் இல்லாததால் தொடங்கும் பழுது இவ்வாறு பெரிய செலவில் முடிகிறது.

மேம்படுத்த வேண்டிய கூறுகள்

பிடிப்பு: வழவழப்பான பிளாஸ்டிக் பரப்பு மழையில் ரப்பர் செருப்பை எளிதில் வழுக்கவிடும். பந்தய, மலைப்பாதை வண்டிகளில் உள்ள உலோக முனைகள் நல்ல பிடிப்புத் தந்தாலும் வெறுங்காலைக் கிழிக்கும். ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் கட்டைகளும், பாதம் வெளியே நழுவாதபடி சற்று உயர்ந்த விளிம்பும் இரு நிலைக்கும் பொருந்தும். பள்ளங்கள் இருபுறமும் திறந்திருந்தால் சேறும் நீரும் வெளியேறும்.

அகலம்: 50 கிலோ எடையுள்ளவர் பெடலில் ஏறி நிற்கும்போது சுமார் 490 நியூட்டன் விசை இறங்குகிறது. பாதத்தின் நடுப்பகுதி கிராங்கிலிருந்து 5 செ.மீ. தள்ளியிருந்தால் அச்சின் வளைவு விசை சுமார் 25 நியூட்டன் மீட்டர். அதே எடை 9 செ.மீ. தள்ளிப் பட்டால் இது 44 ஆகிறது. அகலமான பெடல் காலுக்கு வசதியானது. ஆனால் அதற்கேற்ப அச்சும் வலுப்பெற வேண்டும்.

அச்சு: பெரும்பாலான பெடல் அச்சுகளின் விட்டம் 9/16 அங்குலம், அதாவது சுமார் 14.3 மி.மீ.; மரை அங்குலத்துக்கு 20. மரையின் அடிப்பள்ளத்தில் விட்டம் ஏறத்தாழ 12.7 மி.மீ. மட்டுமே. வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், அங்கு வலிமை சுமார் 30 விழுக்காடு குறைகிறது. மரை தொடங்கும் இடத்தில் கூர்மையான மூலைக்குப் பதில் வளைவான திருப்பம் அமைப்பதும், வெப்பப் பதம் ஏற்றிய எஃகைப் பயன்படுத்துவதும் முறிவைத் தள்ளிப்போடும்.

நீர்த்தடுப்பு: புதுச்சேரியில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை பதிவானது. வெள்ளத்தில் நின்ற வண்டியின் பெடலில் நீரும் மண்ணும் புகுந்துவிடும். அச்சின் உட்புறத்தில் ரப்பர் வளையமும், வெளிப்புறத்தில் எளிதில் கழன்று விழாத திருகு மூடியும் இருந்தால் இது குறையும்.

ஒளிர்வு: பெடலின் முன்னும் பின்னும் பதிக்கப்படும் மஞ்சள் பிரதிபலிப்பான்கள் மேலும் கீழும் அசைவதால், எதிரில் வரும் வாகன ஓட்டிக்கு அது மிதிவண்டி என்பது உடனே புலப்படும். தெருவிளக்கு இல்லாத வயல்வெளிச் சாலைகளில் இது முக்கியமானது.

பழுது பார்ப்பும் பராமரிப்பும்

முழுவதும் மூடிய பேரிங் கொண்ட பெடல் நீரை நன்கு தடுக்கும். ஆனால் கெட்டால் அதற்குரிய பாகம் ஊர்க் கடையில் கிடைக்காமல் போகலாம். கோனும் குண்டுகளும் கொண்ட பழைய அமைப்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் குண்டுகளும் கிரீசும் இட்டு மீண்டும் பொருத்தலாம். பிரிக்கவே முடியாதபடி ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் பெடலில் இந்த வாய்ப்பு இல்லை. ஆகவே கிராமப்புறத்துக்கு ஏற்றது, கழற்றக்கூடிய பழைய அமைப்போடு நல்ல நீர்த்தடுப்பும் சேர்ந்த வடிவமாகும். 9/16 அங்குல மரையை மாற்றாமல் வைத்திருப்பதும் அவசியம். பழைய பிரெஞ்சு வண்டிகளில் இருந்த 14 மி.மீ. மரையில் இந்தப் பெடலை வலிந்து திருகினால் மரை பாழாகும்.

பெடலை மாற்றும்போது அச்சுகளில் உள்ள இடது, வலது அடையாளங்களைப் பார்க்க வேண்டும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகினால் மரை பிறழாது. ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்போது அதை முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இரு பெடல்களும் இறுகும். பின்சக்கரப் பக்கம் இழுத்தால் கழலும். மழைக்காலம் முடிந்ததும் பெடலைக் கையால் சுற்றிப் பார்ப்பது நல்லது. கரகரவென்று ஒலித்தாலோ தடைபட்டுச் சுழன்றாலோ கிரீஸ் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் முதலில் அச்சு கிராங்கில் இறுக்கமாக உள்ளதா என்றும், பிறகு கோன் தளர்ந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.